ஒப்பாரி விசாரணைக்கு வந்த நாள்

மேடையிலும் விசாரணையிலும் அடுத்தவர் பக்கத்தில் நின்று மொழி மாற்றிச் சொல்கிற இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, நீங்களெல்லாம் பி.ஏ., எம்.ஏ. படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனாலும் சொல்கிறேன், இந்த அந்தமான் தீவுகளில் என்னைப் போல நின்று பேசிய துபாஷி இன்னொருத்தன் கிடையாது. நான் சொல்லவில்லை, என்னோடு நின்றவர்கள் சொன்னது. நானும் மறுக்கவில்லை.

ஐம்பதுகளில் மெட்ராஸிலிருந்து கப்பல் ஏறி வந்தபோது என் கையில் இருந்தது ஒரு டிரங்குப் பெட்டி. வாயில் இருந்தது தமிழ் ஒன்றுதான். கப்பல் வந்து நிற்கிற ஜெட்டியில் மூட்டை தூக்கினேன். எனக்கு முன்னால் மூட்டை தூக்கிப் போகிறவன் தெலுங்கன், பின்னால் வருகிறவன் ராஞ்சிக்காரன், கணக்குப் பார்க்கிறவர் வங்காளி, டீக்கடை வைத்திருந்தவர் மலையாளி. இத்தனை பேருக்கும் நடுவில் எல்லாரும் ஹிந்தியில்தான் சண்டை போட்டுக்கொள்வோம். சண்டையில் கற்ற பாஷை மறக்காது. இரண்டு மழைக்காலம் முடிவதற்குள், யார் எதில் திட்டினாலும் அதிலேயே திருப்பித் திட்டுகிற அளவுக்கு வந்துவிட்டேன். ஒரு நாள் ஜெட்டிக்கு வந்த அதிகாரி ஒருவர் என் சண்டையைக் கேட்டுவிட்டு, "நீ மூட்டையை இறக்கி வை, என்னோடு வா" என்றார். அதற்குப் பிறகு நான் மூட்டை தூக்கவில்லை. பேச்சைத் தூக்கினேன்.

பேச்சும் மூட்டைதான். எந்த மூட்டை என்று தெரியாமல் தோளில் ஏற்றினால் முதுகு போய்விடும். நீங்கள் அகராதியில் அர்த்தம் தேடுவதெல்லாம் இருக்கட்டும். ஒரு ஆள் எழுந்து நின்று நீளமாகப் பேச ஆரம்பித்தால், முதல் மூச்சு முடிவதற்குள் அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். சொற்பொழிவா, பிரசங்கமா, பாஷணா, லெக்சரா, உபதேசமா, வசவா, புலம்பலா? எல்லாமே ஒரே ஆள் நீளமாகப் பேசுவதுதான். ஆனால் ஒவ்வொன்றையும் வேறு வேறு விதமாகத்தான் பிடிக்க வேண்டும்.

மெயின்லேண்டிலிருந்து தலைவர்கள் வந்து அபர்டீன் பஜாரில் செய்வது சொற்பொழிவு. ஒருவர் வந்தார். கடலைப் பற்றி ஆரம்பித்தார். அலையே, ஆழியே, அகிலம் சூழ்ந்த நீரே என்று அவர் பாட்டுக்குப் போகிறார். ஹிந்திக்காரர்கள் என் முகத்தையே பார்க்கிறார்கள். அவர் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்க நிறுத்தினார். நான் ஹிந்தியில் "சமுத்திரம் ரொம்பப் பெரிசு" என்றேன். கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். தலைவருக்கு ஒரே சந்தோஷம். மேடையை விட்டு இறங்கி என் தோளைத் தட்டி, "என் நடையை அப்படியே கொண்டு வந்துட்டீங்க தம்பி" என்றார். சொற்பொழிவில் கைதட்டல் விழும் இடத்தைத்தான் மொழிபெயர்க்க வேண்டும்.

பிரசங்கம் அப்படி அல்ல. தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்த மீனவக் குடும்பங்களுக்காக ஃபாதர் ஒருவர் ஹிந்தியில் பிரசங்கம் வைப்பார், நான் தமிழில் சொல்வேன். அங்கே ஒரு வார்த்தை குறைக்கக் கூடாது, கூட்டவும் கூடாது. சாமி பேர் சொல்லிப் பேசுவதில் சுருக்கினால் கிழவிகள் கோவிலுக்கு வெளியே பிடித்துக்கொள்வார்கள்: "ஏய்யா, சாமியாரு அவ்வளவு நேரம் பேசுறாரு, நீ இம்புட்டுதான் சொல்லுத. மிச்சத்த வீட்டுக்கா கொண்டு போற?"

மலேரியா டாக்டர் பேசுவது லெக்சர். கொசுவின் வம்சாவளியெல்லாம் வரும். கேட்கிறவன் கை என்ன செய்ய வேண்டுமோ அதை மட்டும் சொன்னால் போதும். வலையைக் கட்டு, தண்ணீரைத் தேக்காதே, மாத்திரையைத் துப்பாதே.

வசவுதான் ஆபத்து. ஒரு காண்ட்ராக்டர் கூலிக்காரர்களை நிற்க வைத்து, கப்பல் சரக்கில் பாதியை இறக்கி முடிக்கிற அளவு நேரம் திட்டினார். திட்டி முடித்து என்னைப் பார்த்து, "அப்படியே சொல்லு" என்றார். அப்படியே சொல்லியிருந்தால் அன்றைக்குக் கத்தி பேசியிருக்கும். நான் ராஞ்சிக்காரர்களிடம், "சங்கு ஊதுவதற்குள் சரக்கு இறங்கணுமாம். மீதியெல்லாம் அவர் மூஞ்சியிலேயே பார்த்துட்டீங்க" என்றேன். அவர்கள் சிரித்துவிட்டு வேலைக்குப் போனார்கள். காண்ட்ராக்டருக்கு ஆச்சரியம்: "இத்தனை திட்டினேன், சிரிக்கிறானுங்களே?" "வெட்கப்பட்டுச் சிரிக்கிறாங்க, சேட்" என்றேன்.

இதெல்லாம் கெட்டிக்காரத்தனம். எவனுக்கும் கொஞ்ச நாளில் வந்துவிடும். வராத ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

அறுபதுகளின் நடுவில், வடக்கு அந்தமானில் திக்லிபூருக்கும் அப்பால் காட்டை வெட்டிப் புதிதாகக் குடியேற்றம் போட்டிருந்தார்கள். பெரும்பாலும் வங்காளிக் குடும்பங்கள், ஓரத்தில் நம் ஆட்கள் நாலைந்து வீடு. குடும்பத்துக்கு இவ்வளவு வயல், இவ்வளவு மேடு என்று அளந்து கொடுத்து, உழுவதற்கு ஒரு ஜோடி எருமையும் கொடுத்தார்கள். நிலம் வாங்கினவன் மரத்தை வெட்டிக் கழனியாக்கிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் நிலம் வேறு குடும்பத்துக்குப் போகும். அந்த மாதிரி தகராறுகளைத் தீர்க்க அதிகாரி ஒருவர் அவ்வப்போது லாஞ்ச் என்கிற மோட்டார் படகில் வருவார். நான் கூடப் போவேன்.

ஊருக்குள் போக, கடலோரச் சேற்றில் வளர்கிற கண்டல் காட்டுக்கு நடுவே ஓடை மாதிரி ஒரு வழி. கடல் ஏறியிருக்கும்போது லாஞ்ச் உள்ளே போகும். தண்ணீர் வற்றுவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். தப்பினால் சேற்றில் உட்கார்ந்து அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான். அதனால் விசாரணை எல்லாமே ஓட்டமும் நடையும்தான். அதிகாரி வடக்கே பிறந்த ஆள், இளவயது, நேர்மையானவர், ஆனால் பொறுமை கிடையாது. பேச்சு நீண்டால் பேனா மூடியால் மேஜையைத் தட்ட ஆரம்பிப்பார்.

அன்றைக்கு ரேஷன் கொட்டகையில் விசாரணை. கடைசி வழக்கு காளியம்மாவுடையது. ராமநாதபுரம் ஜில்லாக்காரி. முப்பது வயது இருக்கலாம். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. புருஷன் வந்த நாளிலிருந்து மலேரியாவில் விழுந்து விழுந்து எழுந்து, போன மழையில் எழாமலே போய்விட்டான். அவர்களுக்கு அளந்து கொடுத்த மேட்டிலேயே அவனைப் புதைத்திருந்தார்கள்.

முதலில் பேசினவர் ஊர்த் தலைவர். அங்கே தலைவருக்கு சௌத்ரி என்று பேர். நல்ல ஹிந்தி, நல்ல சிரிப்பு. அன்று காலை அவர் வீட்டு மீன்குழம்பில்தான் நானும் அதிகாரியும் சாப்பிட்டோம். அவர் சொன்னார்: "சாஹிப், செத்துப் போனவன் பாவம், படுத்தே கிடந்தான். நிலத்தில் பாதி காடாகவே இருக்கிறது. வெட்டினது கொஞ்சமும் ஊர்க்காரர்கள் இரக்கப்பட்டு வெட்டிக் கொடுத்தது. இனி ஆம்பிளை இல்லாத வீடு. இந்தப் பெண்ணைக் கப்பல் ஏற்றி மெயின்லேண்டுக்கு அனுப்பிவிடுங்கள், அவள் ஜனங்களிடம் போய்ச் சேரட்டும். என் மைத்துனன் அடுத்த கப்பலில் வருகிறான். அந்த நிலத்தை அவன் பார்த்துக்கொள்வான்."

"சாட்சி?" என்றார் அதிகாரி.

கொட்டகையில் ஊரே இருந்தது. ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. ரேஷன் அரிசி யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில் என்று தீர்மானிக்கிறவர் சௌத்ரி. யார் பேசுவார்கள்?

அதிகாரி என்னிடம், "அந்த அம்மாவுக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் சொல்லச் சொல். சீக்கிரம்" என்றார்.

நான் சொன்னேன். காளியம்மா குழந்தையைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்தாள். அதிகாரியைப் பார்த்தாள், சௌத்ரியைப் பார்த்தாள், என்னையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு என்ன செய்தாள் தெரியுமா? தரையில் உட்கார்ந்து, முடியை அவிழ்த்துவிட்டு, எங்கள் எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு மேட்டுப் பக்கம் திரும்பினாள். மார்பில் ஒரு அறை. அப்புறம் குரலை எடுத்தாள்.

*காச்சக் குளுருல நீங்க கம்பளிக்குள் கெடக்கையில*
*கோடாலி நானெடுத்தேன் என் ராசா, கொல்லையில மரஞ்சாய்ச்சேன்...*

ஒப்பாரி. எழவு வீட்டில் கேட்கிற அதே ராகம். சர்க்கார் மேஜைக்கு முன்னால்.

வங்காளிப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அதிகாரியோடு வந்த பியூன் சிரித்தான். "ஷுரூ ஹோ கயா, ரோனா-தோனா" என்றான். ஆரம்பிச்சிட்டா அழுகையை என்று அர்த்தம். சௌத்ரி தலையை ஆட்டினார்: "பார்த்தீர்களா சாஹிப், புத்தி பேதலித்துவிட்டது. இவளா நிலத்தைக் காப்பாற்றுவாள்?" வெளியே லாஞ்ச் ஓட்டுகிற சாரங்கு வாசலில் தலையை நீட்டினான்: "சாஹிப், பானி உதர் ரஹா ஹை. தண்ணி இறங்குது."

அதிகாரி எழுந்தே விட்டார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இது என்ன?"

பிள்ளைகளே, இந்த வேலையின் மொத்தமும் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. அவள் என்ன சொல்கிறாள் என்று அவர் கேட்கவில்லை. இது என்ன என்றுதான் கேட்டார். நான் "ரோனா" என்று சொன்னால் முடிந்தது. அழுகையை நிறுத்த யாருக்கும் உரிமை உண்டு. "பாட்டு" என்றால் இன்னும் மோசம். அவளைத் தூக்கிக் கொண்டு போய் வெளியே உட்கார வைப்பார்கள், சீட்டு எழுதிவிடுவார்கள், அடுத்த கப்பல். அவளுக்கு அக்கரையில் ஒருவரும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அதைச் சொல்லி அதிகாரியிடம் கெஞ்சலாம். ஆனால் கெஞ்சுவது என் வேலையில்லை. நான் அவள் வாய். அவள் கெஞ்சவில்லையே! அவள் பாடுவதை நான் கேட்டேன். முதல் இரண்டு அடியிலேயே சொல்லிவிட்டாள், மரத்தை வெட்டினது யார் என்று.

நிமிர்ந்து நின்று சொன்னேன்: "பயான், ஹுஜூர்."

பயான் என்றால் வாக்குமூலம். அந்த விசாரணைகளில் ஒரு வழக்கம் உண்டு. பயான் என்று ஒருத்தர் ஆரம்பித்துவிட்டால், அவராக முடிக்கிற வரை யாரும் குறுக்கே பேசக்கூடாது. அதிகாரி உட்கார்ந்து எழுத வேண்டும். கடல் வற்றினாலும் சரி, கரையேறினாலும் சரி.

"பயானா?" அதிகாரிக்குக் கோபம். "பயான் என்னிடம் கொடுக்க வேண்டும். இவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலையோடு பேசுகிறாள்."

"மலையோடு இல்லை ஹுஜூர். அங்கே அவள் புருஷனைப் புதைத்திருக்கிறது. எங்கள் ஊரில் பெண்கள் உயிரோடு இருக்கிறவன் முன்னால் வாயைத் திறக்க மாட்டார்கள். செத்தவன் முன்னால்தான் எல்லாம் சொல்வார்கள். மாமியார் செய்தது, கொழுந்தன் செய்தது, பண்ணையார் செய்தது எல்லாம் அதில் வரும். யாரும் மறுக்கக் கூடாது, நிறுத்தக் கூடாது. பண்ணையாரே நின்றாலும் கேட்டுக்கொண்டுதான் நிற்பார். அங்கே பொய் சொன்னால் ஊர் காறித் துப்பும். நீங்கள் கீதையில் கை வைக்கச் சொல்வீர்கள். அவள் அதைவிடப் பெரிதில் கை வைத்திருக்கிறாள்."

சௌத்ரி, "அரே, கூத்து காட்டுறான்" என்றார்.

"கூத்து என்றால் நீங்கள் பயப்பட வேண்டாமே, சௌத்ரி ஜி" என்றேன். ஏதோ ஒரு கிழவன் பின்னால் சிரித்தான்.

அதிகாரி என் முகத்தையே பார்த்தார். நானும் பார்வையை இறக்கவில்லை. இந்த வேலையில் சம்பளம் வாங்குவதே அந்தப் பார்வையை இறக்காமல் இருப்பதற்குத்தான். பிறகு தொப்பியை மேஜையில் வைத்தார். உட்கார்ந்தார். "ஒரு வார்த்தை விடாமல் சொல்" என்றார்.

நான் காளியம்மாவின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். நின்றுகொண்டு ஒப்பாரியை மொழிபெயர்க்க முடியாது.

*குனிஞ்சு வெட்ட முடியலையே என் ராசா, கொடலுக்குள்ள உங்க புள்ள*
*நின்ன நெலையில வெட்டுனேனே, நெஞ்சுயரம் வெட்டுனேனே*
*ஓங்குன கோடாலிக்கு ஒத்த ஆளு தொணையில்ல*
*ஊருசனம் பாத்திருக்க உள்ளங்கை தோலுரிஞ்சேன்...*

ஒவ்வொரு அடி முடிவிலும் அவள் மூச்சு வாங்குகிற இடத்தில் நான் ஹிந்தியில் சொன்னேன். ராகம் போடவில்லை, அழவில்லை, அலங்காரம் சேர்க்கவில்லை. "நீங்கள் காய்ச்சலில் படுத்திருந்தீர்கள். நான் கர்ப்பமாக இருந்தேன். குனிய முடியவில்லை. நின்றபடியே மார்பு உயரத்தில் மரங்களை வெட்டினேன். ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், யாரும் உதவவில்லை." அதிகாரி எழுத ஆரம்பித்தார். மேஜையைத் தட்டுகிற சத்தம் நின்றுபோனது.

சாரங்கு மறுபடி வந்தான். "சாஹிப், லாஞ்ச் உட்கார்ந்திரும்."

"உட்காரட்டும். பயான் நடக்குது" என்றார் அதிகாரி.

அவர் வாயால் அந்த வார்த்தை வந்தது. அப்பாடா என்று நினைத்தேன். அதற்குள் அடுத்தது வந்து விழுந்தது.

*கப்பல் வரலையின்னு கஞ்சிக்கு வழியில்லேன்னு*
*சர்க்கார் எருமையத்தான் என் ராசா, சௌத்ரிக்குக் குடுத்தீகளே*
*ரெண்டு மூட்ட அரிசிக்கு ரெண்டு சோடிக் கொம்பும் போச்சே*
*எருமை உழுற மண்ண என் ராசா, எடுப்பொடிய நாங்கொத்துனேன்...*

சர்க்கார் கொடுத்த எருமையை இன்னொருத்தருக்குக் கொடுப்பது குற்றம். அது ஒன்று போதும், நிலத்தைப் பறிக்க. அவள் தன் தலையில் தானே கல்லைத் தூக்கிப் போட்டுக்கொண்டாள். வேண்டுமென்று அல்ல. புருஷனிடம் அவளுக்கு ஒரு கோபம் இருந்தது, இரண்டு வருஷமாக வைத்திருந்த கோபம். அதை இறக்கி வைக்கிறாள். அதிகாரி இருப்பதே அவளுக்கு அப்போது ஞாபகம் இல்லை.

சௌத்ரிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பாட்டுக்குள் தன் பதவிப் பெயர் வந்தது காதில் விழுந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, மெல்லிய குரலில், சிரித்துக்கொண்டே, "என்னைப் பற்றி என்ன சொல்றா? பார்த்துச் சொல்லு, பாய்" என்றார்.

அதிகாரி பேனாவோடு காத்திருந்தார். காளியம்மா அடுத்த அடிக்கு மூச்சு இழுத்தாள். எனக்கு இருந்தது அந்த ஒரு மூச்சு நேரம்தான்.

விட்டுவிடலாம். அவள் நல்லதுக்காகத்தானே! எருமையை விட்டுவிட்டு, "எருமை இல்லாமல் மண்வெட்டியால் கொத்தினேன்" என்று மட்டும் சொல்லலாம். ஒருவருக்கும் தெரியாது. இப்படி ஒரு இடம் உங்களுக்கும் வரும், இரக்கம் வந்து வாயை மூடும். எனக்கு வந்தது. ஆனால் என் புத்தி இப்படி வேலை செய்தது. நானாகத்தான் இதை பயான் என்றேன். பாதி பயான் என்று ஒன்று கிடையாது. முன்பு ஜெட்டியில் காண்ட்ராக்டரின் வசவைப் பாதியாகச் சொன்னேன், சொற்பொழிவைக் காலாகச் சொன்னேன். அவையெல்லாம் காற்றோடு போகிற பேச்சு. இது ஒரு பெண்ணின் நிலம். இதில் நான் ஒன்றை எடுத்தால் மீதி எல்லாம் என் பேச்சாகிவிடும், அவள் பேச்சாக இருக்காது. விசாரணையில் அவள் பேச்சு நிலைத்து நிற்கும். என் பேச்சு நிற்காது.

சொன்னேன். ஒன்றையும் மழுப்பாமல் சொன்னேன். "கப்பல் வராத மாதம் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் சர்க்கார் எருமை இரண்டையும் சௌத்ரிக்குக் கொடுத்தீர்கள். இரண்டு மூட்டை அரிசி வாங்கினீர்கள். எருமை உழ வேண்டிய நிலத்தை இடுப்பு ஒடிய நான் கொத்தினேன்."

"ஜூட்!" சௌத்ரி எழுந்துவிட்டார். "பொய்! சாஹிப், இந்த மதராசி ரெண்டு பேரும் சேர்ந்து..."

"பயானில் யாரும் பேசக்கூடாது" என்றார் அதிகாரி, தலையைத் தூக்காமலே. பிறகு பேனாவை நிறுத்திவிட்டு என்னைக் கேட்டார்: "எருமையைப் பற்றி நாம் கேட்டோமா?"

"இல்லை, ஹுஜூர்."

"இதைச் சொன்னால் அவளுக்கே ஆபத்து என்று அவளுக்குத் தெரியுமா?"

"அவள் நமக்குச் சொல்லவில்லை, ஹுஜூர். அவனுக்குச் சொல்கிறாள்."

அவர் அவள் முதுகைப் பார்த்தார். எதையாவது மறைக்க நினைக்கிற ஆள் முதலில் மறைப்பது இதைத்தான். அது அவருக்கும் புரிந்தது. ஏட்டில் அடுத்த வரிக்குப் போனார். அவர் மறுபடி எழுத ஆரம்பித்த விதத்திலேயே தெரிந்தது, இதுவரை கேட்டதையெல்லாம் இப்போதுதான் நம்ப ஆரம்பித்திருக்கிறார் என்று.

*காகிதம் பாக்குறாக, கப்பலுக்குச் சீட்டுங்குறாக*
*கரையில யாரிருக்கா என் ராசா, காத்திருக்க யாரிருக்கா...*

அதையும் சொன்னேன். சாஹிப்பைப் பற்றியதாச்சே என்று தயங்கவில்லை.

அவள் முடித்தபோது ஓடையில் தண்ணீர் இல்லை. லாஞ்ச் ஒருபக்கமாகச் சாய்ந்து சேற்றில் கிடந்தது. சாரங்கு அதன் மேலேயே உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். இனிச் சாயங்காலம்தான். அதிகாரி கொட்டகையை விட்டு வெளியே வந்து, "நேரம் நிறைய இருக்கிறது. நிலத்தைக் காட்டச் சொல்" என்றார்.

ஊரே பின்னால் வந்தது. சௌத்ரியும் வந்தார், சிரிப்பு இல்லாமல். நிலம் காடாகக் கிடக்கவில்லை. மேட்டில் கொஞ்சம் மரம் நின்றது உண்மை. வயலில் நெல் அறுத்த தாள் நின்றது. அதற்கு நடுவே வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள். எல்லா ஊரிலும் அடிக்கட்டை முழங்கால் உயரம் இருக்கும். ஆம்பிளை குனிந்து அடியில் வெட்டுவான், மரமும் வீணாகாது. இங்கே ஒவ்வொரு கட்டையும் உயரமாக, ஆள் நிற்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தது. வெட்டு வாய் ஒரு இடத்தில் ஆழமாக, ஒரு இடத்தில் சிராய்த்து, தொழில் தெரியாத கை வெட்டியது என்று குருடனுக்கும் தெரியும்.

அதிகாரி ஒரு கட்டையருகே நின்றார். "அந்த அம்மாவை இதன் பக்கத்தில் வந்து நிற்கச் சொல்."

காளியம்மா வந்து நின்றாள். வெட்டின இடம் அவள் நெஞ்சுக்கு நேராக இருந்தது. அவர் அடுத்த கட்டைக்குப் போனார். அங்கேயும் அவளை நிற்கச் சொன்னார். அங்கேயும் நெஞ்சு உயரம். மூன்றாவதுக்கு அவர் போகவில்லை.

திரும்பி ஊர்க்காரர்களிடம் கேட்டார்: "இரக்கப்பட்டு வெட்டிக் கொடுத்தது யார்? அந்தக் கை ஒன்றை எனக்குக் காட்டுங்கள்."

ஒரு கையும் வரவில்லை. ஒரு வங்காளிக் கிழவர்தான் சௌத்ரியைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவளேதான் வெட்டினா, சாஹிப். வயித்தைத் தூக்கிக்கிட்டு வெட்டினா. நாங்க பார்த்துக்கிட்டுதான் இருந்தோம்."

அங்கேயே, அந்தக் கட்டையின் மேல் காகிதத்தை வைத்து அதிகாரி எழுதினார். நிலம் இனி அவள் பெயரில். எருமை இரண்டும் இன்றைக்கே திரும்பி வர வேண்டும். எருமையைக் கொடுத்ததற்கும் வாங்கினதற்கும் தனியாக விசாரணை உண்டு, அவளும் பதில் சொல்ல வேண்டும், சௌத்ரியும் பதில் சொல்ல வேண்டும். சௌத்ரியின் மைத்துனன் அடுத்த கப்பலில் வந்தால் வேறு இடத்தில் காடு வெட்டட்டும். நான் ஒவ்வொன்றாக அவளுக்குத் தமிழில் சொன்னேன். எருமை விசாரணையைச் சொன்னபோது, "வரட்டும். அதுக்கும் பதில் இருக்கு" என்றாள். நிலம் அவள் பெயரில் என்றபோது கட்டையின் வெட்டு வாயை உள்ளங்கையால் ஒருமுறை தடவினாள்.

இந்த வழக்குக்குப் பிறகு அந்தப் பக்கம் எந்த விசாரணைக்குப் போனாலும், பெண்கள் யாராவது வந்து என்னிடம் கேட்பார்கள்: "அண்ணே, அந்தப் பயான் மாதிரி நாங்களும் சொல்லலாமா?" சொல்லலாம் என்பேன். என் பெயர் வடக்கு அந்தமானில் அப்படித்தான் பரவியது. தலைநகரில் மரைன் ஹில் பக்கம் இருந்த பெரிய அதிகாரிகள்கூட விசாரணை என்றால் என்னைத்தான் அனுப்பச் சொல்வார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஆனால் காரணத்தோடு. நாளைக்கு உங்கள் முன்னால் யாராவது அழுதாலோ, கத்தினாலோ, பாடினாலோ, சுவரைப் பார்த்துப் பேசினாலோ, பக்கத்தில் நிற்கிற பெரிய மனுஷர் "இது என்ன?" என்று கேட்பார். அவர் அவசரத்துக்கு ஏற்ற பெயரைச் சொல்லிவிடாதீர்கள். பேசுகிற ஆளுக்கு எந்தப் பெயர் நிற்க இடம் கொடுக்குமோ, எது உண்மையாகவும் இருக்குமோ, அதைச் சொல்லுங்கள். சொன்ன பிறகு அதில் ஒரு துளி குறைக்காதீர்கள், இரக்கத்தாலும் குறைக்காதீர்கள்.

சாயங்காலம் கடல் ஏறியது. லாஞ்ச் சேற்றை விட்டு நிமிர்ந்தது. நாங்கள் புறப்படும்போது காளியம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையில் நின்றாள். முடியை முடிந்திருந்தாள். அதிகாரி லாஞ்சில் ஒரு கால் வைத்தவர், திரும்பி என்னிடம், "பயானில் இன்னும் ஏதாவது சொல்ல விட்டுப் போயிருக்கிறதா என்று கேள். எழுதிக்கொள்கிறேன்" என்றார். பேனாவைக்கூடத் திறந்துவிட்டார்.

நான் கேட்டேன்.

அவள் மேட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நெறைய இருக்கு. ஆனா அது எனக்கும் அவுகளுக்கும் உள்ளது. தொரையக் கெளம்பச் சொல்லுங்கண்ணே, தண்ணி வத்திரும்."

"பயான் முடிந்தது, ஹுஜூர்" என்றேன்.